தூரம் 5,540 கிலோமீட்டர், நேரம் 7 மணி: கணக்கு எங்கே இடிக்கிறது?

கேள்வி: வணக்கம் அம்மா. நான் ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். நியூயார்க்கில் படிக்கும் என் மகள், வரும் மார்ச் 17-ம் தேதி அங்குள்ள ஜே.எஃப்.கே. விமான நிலையத்திலிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குப் போகிறாள். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஓரிடத்தில் 5,540 கி.மீ. என்றும் இன்னோரிடத்தில் 5,555 கி.மீ. என்றும் போட்டிருக்கிறது. விமானம் மணிக்கு 900 கி.மீ. போகும் என்றால் 6 மணி 9 நிமிடம் ஆக வேண்டும். டிக்கெட்டில் 7 மணி நேரம் என்கிறார்கள். ஏப்ரலில் திரும்பும்போது 8 மணி 10 நிமிடமாம். ஆனால் போகும் நாளில் புறப்பாடு இரவு 7.30, இறங்குவது காலை 6.30. இந்த 11 மணி நேரத்தில், இரு ஊருக்கும் உள்ள 5 மணி நேர வித்தியாசத்தைக் கழித்தால் 6 மணிதான் வருகிறது. என் கணக்கோடு ஒத்துப்போகிறதே! அப்படியானால் 7 மணி என்பது சும்மா கூட்டிப் போட்டதா? காற்றின் உதவியால் 5 மணி நேரத்துக்குள்ளேயே ஒரு விமானம் போய்ச் சேர்ந்தது என்றும் படித்தேன். எப்படியும் 6 மணிக்குள் இறங்கிவிடுவாள் என்று நம்பி, ஹீத்ரோவிலிருந்து காலை 8.45-க்கு எடின்பரோ போகும் விமானத்தில் தனி டிக்கெட் போடலாமா?

பதில்: ஐயா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்த 8.45 டிக்கெட்டைப் போடாதீர்கள். காரணத்தை அப்புறம் விளக்குகிறேன்.

மற்றபடி, நீங்கள் வகுத்ததில் பிழை எதுவும் இல்லை. நான் விமானங்களுக்குப் பயணத் திட்டம் போடும் வேலையில் இருக்கிறேன். எங்கள் தொழிலில் டிஸ்பாட்சர் என்பார்கள். எந்தப் பாதை, எந்த உயரம், எவ்வளவு எரிபொருள், எத்தனை நிமிடம் என்று புறப்பாட்டுக்குச் சில மணி நேரம் முன்பே கணக்கிட்டு விமானியிடம் கொடுக்க வேண்டும். தூரத்தை வேகத்தால் வகுப்பதுதான் எனக்கும் அன்றாட வேலை. ஆனால் நான் வகுக்கும் தூரமும் நீங்கள் வகுத்த தூரமும் ஒன்றல்ல. அதைத்தான் இந்தப் பதிலில் சொல்லப் போகிறேன்.

முதலில் 5,540-ஆ, 5,555-ஆ என்பதைப் பார்த்துவிடுவோம். இரண்டுமே சரி. பூமியை 6,371 கி.மீ. ஆரம் உள்ள சீரான உருண்டை என்று வைத்துக் கணக்கிட்டால் 5,540 வரும். ஆனால் பூமி அப்படிச் சீராக இல்லை. நடுக்கோட்டில் ஆரம் சுமார் 6,378, துருவத்தில் சுமார் 6,357. இந்தப் புடைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் 5,555-ஐ ஒட்டி வரும். 15 கிலோமீட்டர் என்பது விமானத்துக்கு ஒரு நிமிடப் பயணம். அதை விட்டுவிடலாம். வேறெங்காவது 2,991 என்று பார்த்தால் அது கடல் மைல் கணக்கு. ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. வானிலும் நாங்கள் அதைத்தான் புழங்குகிறோம்.

இந்தத் தூரம் எந்தக் கோட்டின் நீளம் என்பது முக்கியம். தட்டையான வரைபடத்தில் ஸ்கேலை வைத்துக் கோடு போட்டால் கிடைக்கும் பாதை அல்ல அது. ஓர் உலக உருண்டையை எடுத்து, இரண்டு ஊர்களையும் தொடும்படி ஒரு நூலை இழுத்துப் பிடியுங்கள். நூல் எங்கே படிகிறதோ அதுதான் குறுகிய வழி. நியூயார்க் லண்டனைவிட நன்றாகத் தெற்கே இருக்கிறது. கிட்டத்தட்ட 11 பாகை வித்தியாசம். ஆனாலும் லண்டனிலிருந்து நியூயார்க்குக்குக் குறுகிய வழியில் கிளம்பும் விமானம் முதலில் மேற்குக்குச் சற்று வடக்கே முகத்தைத் திருப்பித்தான் போகும். போகப் போகத் தெற்கே வளையும். பயணிகளில் பலர் முன் இருக்கைத் திரையைப் பார்த்துவிட்டு, விமானம் சுற்றிப் போகிறது என்று நினைத்துக்கொள்கிறார்கள். உருண்டையில் பார்த்தால் அதுதான் நேர்வழி.

இன்னொரு சின்னக் கணக்கு, உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன். நியூயார்க்கும் மாட்ரிட்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், 40.5 பாகையை ஒட்டி இருக்கின்றன. அந்த அட்சரேகை மேலேயே நேர் கிழக்காகப் போனால் சுமார் 5,940 கி.மீ. வடக்கே வளைந்து போகும் நூல் வழி சுமார் 5,770 கி.மீ.தான். நேர் கிழக்கே இருக்கும் ஊருக்கு வடகிழக்காகப் புறப்பட்டால் 170 கி.மீ. மிச்சம்!

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் எழுதிய 900 கி.மீ. வேகம் சரியான எண்தான். அந்த உயரத்தில் ஒலியின் வேகம் மணிக்கு 1,060 கி.மீ. அளவில் இருக்கும். நீண்ட தூர விமானங்கள் அதில் 85 சதவீதத்தை ஒட்டிப் பறக்கும். ஆனால் அது காற்றுக்குள் விமானம் போகும் வேகம். தரையைப் பொறுத்த வேகம் வேறு. வகுப்பில் எத்தனையோ முறை நீங்கள் படகும் நீரோட்டமும் கணக்கு போட்டுக் காட்டியிருப்பீர்களே, அதேதான் இங்கும். விமானம்தான் படகு. அது மிதக்கும் காற்று சும்மா நிற்பதில்லை. வட அட்லாண்டிக்கின் மேல் 9 முதல் 12 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு ஒன்று உண்டு. ஜெட் ஸ்ட்ரீம் என்பார்கள். குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கி.மீ. வேகத்தில் ஓடுவது சாதாரணம், 300-ஐத் தாண்டும் நாள்களும் உண்டு.

பயணம் முழுவதற்கும் சராசரியாக மணிக்கு 100 கி.மீ. காற்று என்று வைத்துக்கொள்வோம். லண்டன் போகும்போது தரை வேகம் 1,000. எனவே 5 மணி 32 நிமிடம். திரும்பும்போது 800. எனவே 6 மணி 55 நிமிடம். ஒரே தூரம், ஒரே விமானம், 1 மணி 23 நிமிட வித்தியாசம். இதைவிட எனக்கு முக்கியமானது அடுத்த கணக்கு. போகும்போது விமானம் காற்றுக்குள் பறந்த தூரம் எவ்வளவு? 5 மணி 32 நிமிடத்தை 900-ஆல் பெருக்கினால் சுமார் 4,980 கி.மீ. திரும்பும்போது? சுமார் 6,225 கி.மீ. எரிபொருள் செலவாவதும் எஞ்சின் உழைப்பதும் இந்தத் தூரத்துக்குத்தான்.

நான் விமானியிடம் கொடுக்கும் திட்டத் தாளில் நிலத் தூரம், காற்றுத் தூரம் என்று இரண்டும் தனித்தனியாக இருக்கும். கீழே நீளமான பட்டியல்: வழியில் உள்ள ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு பெயர் அல்லது குறியீடு, அங்கே காற்று எந்தத் திசை, எத்தனை நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் என்பது ஒரு நாட்), அடுத்த புள்ளிக்கு எத்தனை நிமிடம், அங்கே டாங்கில் எவ்வளவு எரிபொருள் மிச்சம் இருக்க வேண்டும். கூடவே காற்று வரைபடம் ஒன்று. அதில் காற்றை அம்பு போலக் குறித்திருப்பார்கள். அம்பின் வாலில் ஒரு முழுக் கோடு என்றால் 10 நாட், அரைக் கோடு 5, கறுப்பு முக்கோணம் 50. அட்லாண்டிக் நடுவே மூன்று முக்கோணம் அடுத்தடுத்து நிற்கிறது என்றால் 150 நாட், அதாவது மணிக்கு 278 கி.மீ. காற்று. மேற்கே போகும் விமானங்களை அந்த வரிசையிலிருந்து தள்ளிக் கூட்டிப் போவதுதான் அன்றைக்கு என் வேலை. 200 கி.மீ. கூடுதலாகச் சுற்றினாலும் எதிர்காற்றைத் தவிர்த்தால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடும். கிழக்கே போகிற விமானங்களை அதே வரிசைக்குள் கொண்டுபோய் விடுவோம். இந்தக் கடலைத் தாண்டும் பாதைகளையே காற்றைப் பார்த்து நாளுக்கு இருமுறை புதிதாக வகுக்கிறார்கள். நேற்று உங்கள் மகளின் விமானம் போன கோட்டில் இன்று அது போகாது.

இங்கே ஒரு மனிதரைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. ஜப்பானில் ஓயிஷி வாசபுரோ என்ற வானிலை ஆய்வாளர் 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு, அவை போகும் போக்கைக் கருவியால் பின்தொடர்ந்து இந்தக் காற்றாற்றைக் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926-ல், உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராண்டோவில் அறிக்கை வெளியிட்டார். அந்த மொழி தெரிந்தவர்கள் குறைவு என்பதால் அது பெரிதாகக் கவனிக்கப்படவில்லை. இன்று நான் ஒவ்வொரு திட்டத்திலும் தேடுவது அவர் பார்த்த அதே காற்றைத்தான்.

நீங்கள் படித்த செய்தியும் உண்மையே. 2020 பிப்ரவரியில், சியாரா புயல் பிரிட்டனை நெருங்கிய இரவில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போனது. தரை வேகம் ஒரு கட்டத்தில் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியது. ஆனால் காற்றுக்குள் அது வழக்கமான வேகத்தில்தான் போனது. ஒலி வேகத்தைத் தாண்டவில்லை. காற்று மொத்தமாக அதைச் சுமந்துகொண்டு போனது. அப்படி ஓர் இரவு அமைவது அபூர்வம். அதை நம்பி அடுத்த டிக்கெட்டைப் போடக் கூடாது.

போகும்போது கிடைத்த லாபம், வரும்போது ஏற்படும் நஷ்டத்துக்குச் சரியாகிவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. மேலே சொன்ன போகும் நேரத்தையும் திரும்பும் நேரத்தையும், விட்டுவிட்ட நொடிகளோடு கூட்டினால் 12 மணி 28 நிமிடம் வரும். காற்றே இல்லாவிட்டால் போக வர 12 மணி 19 நிமிடம். எதிர்காற்றில் அதிக நேரம் மாட்டிக்கொள்வதால் 9 நிமிடம் நஷ்டம்தான்.

அடுத்தது தரை. டிக்கெட்டில் போட்டிருக்கும் 7 மணி நேரம் பறக்கும் நேரம் அல்ல. சக்கரத்துக்கு அடைக்கும் கட்டையை எடுத்து, விமானம் நகரத் தொடங்கும் நொடியிலிருந்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும் நொடி வரைக்கும் உள்ள நேரம். பிளாக் டைம் என்போம். ஜே.எஃப்.கே.யில் சாயங்காலம் ஐரோப்பா போகும் விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பும். ரன்வே வரைக்கும் ஊர்ந்து போய், வரிசையில் நின்று, முறை வருவதற்கு 20, 30 நிமிடம் ஆகும். ஏறும்போதும் இறங்கும்போதும் 900 கி.மீ. வேகம் கிடையாது. 11 கி.மீ. உயரத்திலிருந்து இறங்குவதற்கு, சேருமிடத்துக்கு 200 கி.மீ. முன்பே தொடங்கிவிடுவோம். இந்த இரண்டிலும் சேர்த்துக் கால் மணி நேரம் போகும். நூல் வழியிலிருந்து விலகும் பாதைக்கு 10 நிமிடம். ஹீத்ரோவில் இறங்கி கேட் வரை ஊர்ந்து வர இன்னொரு 10 நிமிடம். 5 மணி 32 நிமிடத்தோடு இவற்றைச் சேர்த்தால் ஆறரை மணி, 6.40. மிச்சம் இருப்பது கையிருப்பு. போன பருவங்களில் இதே விமானம் உண்மையில் எவ்வளவு நேரம் எடுத்தது என்று பார்த்துத்தான் அதை வைக்கிறார்கள். நீங்கள் கேட்டது போல் சும்மா கூட்டியது அல்ல. திரும்பும் பயணத்தின் 6 மணி 55 நிமிடத்தோடு இதே செலவுகளைச் சேர்த்துப் பாருங்கள், 8 மணியை ஒட்டி வந்து நிற்கும்.

காற்று இல்லாமல் வேறொன்றும் நேரத்தை மாற்றும், நாடுகளின் எல்லை. ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு நூல் வழி சுமார் 7,800 கி.மீ. ரஷ்யாவின் மேல் பறந்தபோது 9 மணி நேரத்தை ஒட்டி ஆனது. 2022-ல் அந்த வான்வெளி மூடப்பட்ட பிறகு, பின்லாந்தின் ஃபின்னேர் நிறுவன விமானங்கள் வட துருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டியதாயிற்று. 13 மணி நேரம் வரை ஆனது. இரண்டு விமான நிலையங்களுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மீட்டர்கூட மாறவில்லை.

இப்போது அந்த எடின்பரோ டிக்கெட். பின்காற்று நன்றாக அடித்து விமானம் முன்னதாகவே லண்டனை நெருங்கிவிட்டது என்றே வையுங்கள். ஹீத்ரோவில் இரவு நேரத்தில் விமானங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. அது காலை 6 மணிக்குத்தான் தளரும். அந்த நேரத்தில் உலகின் பல மூலைகளிலிருந்தும் நீண்ட தூர விமானங்கள் ஒரே சமயத்தில் வந்து குவியும். லண்டனைச் சுற்றி போவிங்டன், லாம்போர்ன், ஆக்கம், பிகின் என்று நான்கு இடங்களில், ஒன்றன்மேல் ஒன்றாக உயரம் பிரித்து வட்டம் போட வைப்பார்கள். கடலில் மிச்சம் பிடித்த நிமிடங்களைப் பெரும்பாலும் அந்த வட்டத்தில் கொட்டிவிடுவோம். சீக்கிரம் வரும் என்று தெரிந்தால் வேகத்தைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும்படி நானே திட்டம் போடுவதும் உண்டு.

6.30-க்குக் கட்டை வைத்தார்கள் என்றே கொள்வோம். எடின்பரோ உள்நாட்டுப் பயணம் என்பதால், உங்கள் மகள் லண்டனிலேயே குடியேற்றச் சோதனையை முடிக்க வேண்டும். தனி டிக்கெட் என்றால் பெட்டியையும் எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். அடுத்த விமானம் வேறு டெர்மினல் என்றால் ரயிலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டும். பெட்டி வாங்கும் கவுன்டரை பொதுவாக முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள். 8.45 விமானத்துக்கு 7.45 என்று வையுங்கள். ஆக, கையில் இருப்பது 75 நிமிடம்தான். முதல் விமானம் அரை மணி தாமதமானால் 45 நிமிடம். அதிகாலையில் குடியேற்ற வரிசை எத்தனை நீளம் என்பது அன்றைக்கு அங்கே போனால்தான் தெரியும்.

இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் கவலை குறைவு. அந்த விமான நிலையத்துக்கென்று வகுத்த குறைந்தபட்ச இடைவெளிக்குக் கீழே அவர்கள் டிக்கெட் விற்க மாட்டார்கள். முதல் விமானத்தின் தாமதத்தால் அடுத்ததைத் தவறவிட்டால் வேறு விமானத்தில் ஏற்றிவிடுவதும் அவர்கள் பொறுப்பு. தனித்தனி டிக்கெட் என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு உங்கள் மகள் வெறுமனே ‘வராத பயணி’. அதனால் முடிந்தால் ஒரே டிக்கெட்டாக மாற்றுங்கள். முடியாவிட்டால் 11 மணிக்குப் பிறகு புறப்படும் விமானத்தைப் பாருங்கள். அதுவும் ஹீத்ரோவிலிருந்தே இருக்கட்டும். லண்டன் என்று பெயர் போட்டு கேட்விக், ஸ்டான்ஸ்டட், லூட்டன் என்று வேறு நிலையங்களும் இருக்கின்றன. டிக்கெட்டில் நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைச் சரிபார்த்துவிடுங்கள். ஹீத்ரோவுக்கு எல்.எச்.ஆர்.

கடைசியாக, உங்களைக் குழப்பிய அந்த 6 மணி நேரம். 11-லிருந்து 5-ஐக் கழித்தீர்கள். ஆண்டின் பெரும்பகுதி அது சரிதான். ஆனால் அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையே கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். பிரிட்டனில் மார்ச் கடைசி ஞாயிறு வரை தள்ள மாட்டார்கள். இடைப்பட்ட அந்த இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் 4 மணி நேரம்தான். மார்ச் 17 எந்த ஆண்டானாலும் அதற்குள்தான் விழும். 11-லிருந்து 4 போனால் 7. டிக்கெட்டில் போட்டிருப்பது சரி. உங்கள் 6 மணி 9 நிமிடத்தோடு அந்த 6 மணி ஒத்துப்போனது தற்செயல். இறங்கும் நேரத்தை நீங்கள் மாற்றி எழுத வேண்டாம். டிக்கெட்டில் எப்போதும் அந்தந்த ஊர் நேரம்தான் இருக்கும். ஏப்ரலில் திரும்பும்போது இரு ஊரும் கடிகாரத்தைத் தள்ளியிருக்கும், பழையபடி 5 மணி நேரத்தையே வைத்துக்கொள்ளலாம்.

அன்று மகளின் விமானத்தை நீங்கள் வரைபடத்தில் பின்தொடர்ந்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கிளம்பியதும் அது நேரே கடலுக்குள் போகாமல் வடகிழக்காகக் கனடாவின் கரையை ஒட்டிப் போனால் பதற வேண்டாம், அது நூல் வழி. கடலின் நடுவில் வேகம் 1,000-க்கு மேல் காட்டினால் அது காற்று தரும் கொடை. லண்டனுக்கு மிக அருகில் வந்தபின் நீள்வட்டமாக ஒரே இடத்தில் சுற்றினால், நான் மேலே சொன்ன நான்கு இடங்களில் ஏதோ ஒன்றில் முறைக்காகக் காத்திருக்கிறது என்று அர்த்தம். அதற்கான எரிபொருளைப் புறப்படும் முன்பே ஏற்றியிருப்போம்.